விக்கெட் விழுந்த பிறகு வீசும் பந்து

சென்னையில் டிவிஷன் லீக் ஆட்டங்கள் சூடுபிடிக்கும் மாதங்களில் என்னைத் தேடி வரும் இளம் பந்துவீச்சாளர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டுதான் நாற்காலியில் உட்காருகிறார்கள்: "மேடம், நெட்ல பந்து நல்லா விழுது, மேட்ச்ல விழ மாட்டேங்குது." உடன் வரும் அப்பாவோ அம்மாவோ, பையனுக்குப் பயம் அதிகம் என்று சேர்த்துச் சொல்வார்கள். விளையாட்டு உளவியல் ஆலோசகராகப் பணியைத் தொடங்கிய காலத்தில் நானும் அதை அப்படியே நம்பிப் பயத்துக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் பயம் என்று சொல்வதில் பாதிக்கு மேல் பயமே அல்ல, அடக்க முடியாத உற்சாகம்தான் என்பது எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது.

திருவல்லிக்கேணிப் பக்கத்திலிருந்து வந்த, பத்தொன்பது வயது வேகப்பந்து வீச்சாளர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஓர் ஆட்டத்தின் முதல் ஓவரில் இரண்டாவது பந்திலேயே அவருக்கு விக்கெட் கிடைத்தது. அடுத்த பந்து நோ-பால். அதற்கடுத்தது லெக் பக்கம் வைட். பிறகு பவுன்சர் போடப் போய்ப் பந்தை ஆடுகளத்தின் பாதியிலேயே குத்த, அது கீப்பரின் தலைக்கு மேல் எகிறி எல்லைக்கோட்டைத் தாண்டியது. என்ன நடந்தது என்று கேட்டபோது, "பயந்துட்டேன் மேடம்" என்றார். அவருடைய அண்ணன் கைப்பேசியில் எடுத்திருந்த காணொளியை இருவருமாக உட்கார்ந்து பார்த்தோம். புதிதாக வந்த மட்டையாளர் கார்டு எடுத்து (நடுவரைக் கேட்டு, ஸ்டம்புக்கு முன் மட்டையை வைக்கும் இடத்தைக் குறித்து) முடிப்பதற்குள், இவர் ஓட்டத்தைத் தொடங்கும் குறியில் போய் நின்று, பந்தை ஒரு கையிலிருந்து மறு கைக்குத் தட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே துள்ளிக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் நடுவர் கையை நீட்டித் தடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. முகம் நிறையச் சிரிப்பு. பயந்தவன் முகம் அப்படி இருக்காது.

ஆனாலும் அவர் பயம் என்று எண்ணியதில் ஒரு நியாயம் உண்டு. அச்சத்திலும் ஆனந்தத்திலும் உடம்பு செய்யும் வேலை ஏறத்தாழ ஒன்றுதான்: அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு மேல்மார்போடு நின்றுவிடுகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, தசைகள் இறுகுகின்றன. மற்ற வேலைகளில் இதனால் நன்மைகூட விளையலாம். அளவாகவும் துல்லியமாகவும் செய்ய வேண்டிய பந்துவீச்சில்தான் இது கணக்கைக் கெடுக்கிறது. 17 தப்படி ஓடிவந்து வீசும் ஒருவருக்கு ஒவ்வொரு தப்படியும் ஒரே ஒரு சென்டிமீட்டர் நீண்டுவிட்டால், கடைசியில் முன்கால் 17 சென்டிமீட்டர் முன்னால் போய் விழும்; ஸ்டம்பிலிருந்து 1.22 மீட்டர் தள்ளிப் போட்டிருக்கும் கிரீஸ் கோட்டுக்குப் பின்னால் பாதத்தின் ஏதேனும் ஒரு பகுதி இருக்க வேண்டும் என்பது விதி. நெட்டில் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் குதிகால் விழுமாறு பழகியவருக்கு இதன் பிறகு தப்பிக்க வழியில்லை. விரல்கள் பந்தை நெரித்துப் பிடிப்பதால் மணிக்கட்டு விறைக்கிறது. பந்து கையை விட்டுச் சற்றுத் தாமதமாகப் போனால் குட்டையாகவும், முந்திப் போனால் தரையில் படாமல் மட்டையாளரை அடையும் ஃபுல்டாஸாகவும் போகிறது. தோள் அவசரப்பட்டுத் திறந்துகொண்டால் லெக் பக்க வைட். அந்தப் பையனின் ஓவரில் இவை ஏறக்குறைய வரிசையாகவே நடந்திருந்தன.

பெரிய ஆட்டக்காரர்களும் இதற்கு விலக்கல்லர். 2006 நவம்பரில் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆஷஸ் தொடரின் முதல் பந்தை வீசிய இங்கிலாந்தின் ஸ்டீவ் ஹார்மிசன், அதை மட்டையாளருக்கு எட்டாமல், கீப்பருக்குப் பக்கத்தில் இரண்டாவது ஸ்லிப்பில் நின்றிருந்த தம் அணித்தலைவர் ஃபிளின்டாஃபின் கைக்கே நேராக அனுப்பினார். 2017 சாம்பியன்ஸ் கோப்பை இறுதியாட்டத்தில் பாகிஸ்தானின் ஃபகர் ஜமான் 3 ஓட்டங்களில் இருந்தபோது பும்ராவின் பந்தில் விக்கெட் கீப்பரிடம் பிடி கொடுத்தார். ஆனால் அது நோ-பால். அவர் 114 ஓட்டங்கள் எடுத்தார். இந்தியா 180 ஓட்ட வித்தியாசத்தில் தோற்றது. இவற்றைவிட என்னிடம் வருகிறவர்களுக்கு நான் அதிகம் போட்டுக்காட்டுவது 2007 இருபது ஓவர் உலகக்கோப்பை இறுதியாட்டத்தின் கடைசி ஓவரைத்தான். பாகிஸ்தானுக்கு 13 ஓட்டங்கள் தேவைப்பட்ட நிலையில் ஜோகிந்தர் சர்மா வீசிய முதல் பந்து வைட். அடுத்ததில் ஓட்டம் இல்லை. அதற்கடுத்ததை மிஸ்பா சிக்சருக்கு அடித்தார். நான்கு பந்தில் ஆறு ஓட்டங்கள் என்று ஆட்டம் கைநழுவிப் போன பிறகு, ஜோகிந்தர் திரும்பி நடந்து போய், மீண்டும் ஓடிவந்து வீசிய பந்தில் மிஸ்பா ஸ்ரீசாந்திடம் பிடிபட்டார். பந்தை விட்டுவிட்டு அந்த நடையைப் பார்க்கச் சொல்வேன்.

ஏனென்றால் பந்துவீச்சாளரின் வேலைநேரத்தில் பெரும்பகுதி நடைதான். ஓடிவந்து வீசுவதற்குச் சில விநாடிகள் போதும். மீதி நேரம் முழுவதும் குறியை நோக்கித் திரும்பி நடப்பது. பயிற்சியில் ஓட்டத்தையும் கையையும் பார்த்துப் பார்த்துத் திருத்துகிற நாம், அந்த நடையை அப்படியே விட்டுவிடுகிறோம். விட்டுப்போன அந்த அரை நிமிடத்தில்தான் படபடப்பு ஏறுகிறது. இறக்கவும் அங்கேதான் முடியும்.

"பயமாக இருந்தால், உற்சாகமாக இருக்கிறேன் என்று உனக்கு நீயே சொல்லிக்கொள்" என்ற அறிவுரை இப்போது எங்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஆய்வு அடிப்படை இருக்கிறது. 2014இல் வெளியான அந்த ஆய்வில் மேடையில் பேசியவர்களும், பாடியவர்களும், கணக்குப் போட்டவர்களும் அப்படிச் சொல்லிக்கொண்டதால் பலன் கண்டார்கள். பாடுகிறவர் கிரீஸைத் தாண்டிவிட முடியாது என்பதை மட்டும் நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் பந்துக்கு முன் கைகால் சில்லிட்டு நிற்பவருக்கு அந்த வாக்கியம் உதவும். விக்கெட் எடுத்துவிட்டுத் துள்ளிக்கொண்டிருப்பவரிடம் அதைச் சொல்வது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான்.

அந்தப் பையனோடு நாங்கள் செய்தவை மிக எளியவை. விக்கெட் விழுந்தால் கொண்டாட்டம் முடிந்ததும் பந்தை மிட்-ஆஃபில், அதாவது பந்துவீச்சாளருக்குப் பக்கவாட்டில், நிற்கும் களத்தடுப்பாளரிடம் கொடுத்துவிட வேண்டும். புது மட்டையாளர் கார்டு எடுத்து முடித்த பிறகுதான் அதைத் திரும்ப வாங்க வேண்டும். கையில் பந்து இல்லாதவர் அவசரப்பட முடியாது. குறிக்குப் போகும் வழியில் இரண்டே இரண்டு மூச்சு, இழுப்பதைவிட விடுவது இருமடங்கு நீளமாக; நீளமாக மூச்சை விடும்போது இதயத்துடிப்பு தானாகவே சற்றுத் தணியும். அடுத்து என்ன பந்து என்பதைக் குறியை அடைவதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும், ஓடத் தொடங்கிய பிறகு மாற்றக்கூடாது. நெட்டில் கிரீஸின் மேல் சுண்ணாம்புத் தூளைப் பரப்பி, அவரை இரண்டு முறை முழு வேகத்தில் ஓடவிட்டு, நண்பர்கள் நால்வரை விட்டுப் பொய்யாகக் கூச்சலிட்டுத் தோளில் தட்டச் செய்து, உடனே பந்து வீசச் சொன்னேன். முதல் நாள் தூளில் பதிந்த பாதம் முழுவதும் கோட்டுக்கு வெளியே இருந்தது. அதைக் குனிந்து பார்த்த பிறகுதான் அவர் நான் சொல்வதை நம்பினார் என்று நினைக்கிறேன். மூன்றாவது வாரத்தில் குதிகால் கோட்டுக்கு உள்ளே விழத் தொடங்கியது.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. மே மாத வெயிலிலும் கடற்கரைப் புழுக்கத்திலும், உடம்பில் நீர் வற்றத் தொடங்கினாலே இதயம் கூடுதலாக அடிக்கும். அதைப் பயம் என்று தப்பாகப் படித்து மேலும் பதறுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அவர்களுக்கு என் ஆலோசனையைவிட உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் அதிகம் உதவும். இரவு தூக்கம் வரவில்லை என்பதற்காகக் காலையில் இரண்டு டம்ளர் ஸ்ட்ராங் காபியும், ஆட்டத்துக்கு முன் ஒரு கேன் எனர்ஜி டிரிங்கும் குடித்துவிட்டு வந்து, "நெஞ்சு படபடங்குது" என்று சொல்பவர்களும் உண்டு. படபடக்காமல் என்ன செய்யும்?

மேடை நடுக்கத்துக்கு யாரோ சாப்பிட்டார்கள் என்று பிராப்ரனலால் மாத்திரையைக் கேட்டு வாங்கி விழுங்குவது வேண்டவே வேண்டாம். இதயத்துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைக்கும் மருந்தை விழுங்கிவிட்டு வேகப்பந்து வீச ஓடுவது உடம்புக்குப் பெரும் சுமை. ஆஸ்துமா உள்ளவருக்கோ அது ஆபத்து. ஓடும்போது மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தாலோ முதலில் இதய மருத்துவரைப் பார்த்து இ.சி.ஜி. எடுத்துக்கொண்டு, அதன் பிறகு என்னிடம் வாருங்கள்.

எல்லைக்கோட்டுக்கு வெளியே ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்திருக்கும் அப்பாக்களிடம் ஒரு வேண்டுகோள். விக்கெட் விழுந்ததும் "இன்னொண்ணு எடுடா!" என்று கத்தாதீர்கள். அந்தப் பையனின் அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "கைதட்டக்கூடவா கூடாது மேடம்?" என்று வருத்தத்தோடு கேட்டார். தாராளமாகத் தட்டலாம், ஓவர் முடிந்த பிறகு.