கயிறு கழுத்தைத் தொட வேண்டாம்

தென்மாவட்டப் பள்ளி ஆண்டு விழாக்களில் கட்டபொம்மன் நாடகம் அடிக்கடி வரும். வசனத்துக்கு வாரக்கணக்கில் பயிற்சி கொடுப்பார்கள். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் நடந்த தூக்கை எப்படிக் காட்டுவது என்பதை மட்டும் முந்தின நாள் சாயங்காலம்தான் யோசிப்பார்கள்.

மேடை விளக்கு வேலைக்குப் போன ஒரு பள்ளியில், ஆசிரியர் நைலான் கயிறும் ஸ்டூலுமாக வந்தார். "கால் ஸ்டூல் மேலதானே இருக்கு அண்ணே, ஒண்ணும் ஆகாது" என்றார். ஆகும். சுருக்கு இறுகினால் சில விநாடிகளில் நினைவு தப்பிவிடும், கத்தவும் வராது. பார்ப்பவர்கள் பையன் நன்றாக நடிக்கிறான் என்றே நினைப்பார்கள். பகத் சிங் தூக்குக் காட்சியை வீட்டில் ஒத்திகை பார்த்த பிள்ளைகள் இறந்த செய்தி நம் நாட்டில் ஒரு தடவை வந்ததல்ல.

"அப்போ ஜனங்க எப்படி நம்புவாங்க?" நியாயமான கேள்விதான்.

மேடையில் வெள்ளை மல் துணியை இழுத்துக் கட்டினோம். பின்னால், அவர் கொண்டுவந்த ஸ்டூல் மேல் ஒரே ஒரு குண்டு பல்பு. (பல மணிகள் கொண்ட எல்.இ.டி. விளக்கை வைத்தால் ஒரு கயிறு பத்துக் கயிறாகத் தெரியும்.) துணியை ஒட்டிப் பையன் நின்றான். அவனுக்கு ஆறடி பின்னால், விளக்குக்கு மூன்றடி முன்னால் கயிறு. விளக்குக்குக் கிட்டே தொங்குவதால் நிழல் மூன்று மடங்காகப் பெருகும். அதனால் வளையல் அளவுச் சுருக்கே போதும்; அதில் எந்தத் தலையும் நுழையாது. துணியிலோ தேர் வடம் மாதிரி பருத்து அவன் தலைக்கு மேல் நின்றது.

விங்கில், அதாவது மேடையின் பக்கவாட்டு மறைவில், ஒருவர் பலகையைத் தரையில் அடித்த நொடியில் விளக்கை அணைத்தேன். பறையும் நின்றது. நான்கு விநாடி இருட்டு. அதற்கு மேல் இழுத்தால் பின்வரிசையில் யாராவது சிரித்துவிடுவார்கள். மறுபடி வெளிச்சம் வந்தபோது துணியில் ஆள் இல்லை, சுருக்கு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. சுண்டல் தின்றுகொண்டிருந்த கூட்டம் அப்படியே அடங்கிப்போனது.

இன்னொன்று. இப்போதெல்லாம் முதல் ஒத்திகையிலேயே எல்லாப் பிள்ளைகளையும் துணிக்குப் பின்னால் கூட்டிப்போய் வித்தையைக் காட்டிவிடுவேன். தெரியாத பிள்ளைதான் வீட்டில் துப்பட்டாவை எடுக்கும். அப்புறம், அந்தச் சின்னக் கயிற்றைக்கூட ஒத்திகை முடிந்ததும் என் பையில் போட்டு எடுத்துப் போய்விடுவேன்.