மூடி இல்லாத தொட்டியும் இரவெல்லாம் ஓடும் ஹீட்டரும்

ஊட்டிக்குப் பக்கத்தில் ஒரு விடுதி. மரத்தளம் போட்ட திறந்தவெளியில் ஆறு பேர் உட்காரும் வெந்நீர்த் தொட்டி. போன டிசம்பரில் உரிமையாளர் கரண்ட் பில்லோடு என்னைக் கூப்பிட்டார். “தம்பி, மோட்டார்தான் கரண்ட இழுக்குதுங்க. மாத்திக் குடுத்துருங்க.”

எலெக்ட்ரீஷியனாகக் கோவையிலும் நீலகிரியிலும் பல வருடங்களாக வேலை செய்கிறேன். வெந்நீர்த் தொட்டி வைத்திருக்கும் எல்லோருமே முதலில் தண்ணீரைச் சுற்றவிடும் பம்பு மோட்டாரைத்தான் சந்தேகப்படுகிறார்கள். சத்தம் போடுவது அதுதானே. ஹீட்டர் சத்தமே போடாது.

அன்று இரவு அங்கேயே தங்கி, ஓடும் கரண்டைக் காட்டும் க்ளாம்ப் மீட்டரை ஹீட்டர் வயரில் மாட்டிப் பார்த்தேன். ஒன்பது மணி முதல் காலை ஆறு வரை ஹீட்டர் ஒரு முறைகூட நிற்கவில்லை. 3 கிலோவாட், ஒன்பது மணி நேரம், மொத்தம் 27 யூனிட். இவ்வளவு எரிந்தும் 38 டிகிரியில் வைத்த தண்ணீர் விடியும்போது 36க்கு இறங்கியிருந்தது. தொட்டியின் மூடி சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அங்கே வேலை செய்யும் பையனிடம் கேட்டேன். “தனியா தூக்க முடியலைங்ணா, அவ்ளோ கனம்” என்றான். தூக்கிப் பார்த்தேன், அவன் சொன்னது உண்மைதான். மேலுறை கிழிந்து உள்ளே இருக்கும் ஃபோம் தண்ணீரைக் குடித்துவிட்டது. நனைந்த ஃபோம் சூட்டைச் சரியாகத் தடுக்காது. அந்த மூடியைப் போட்டிருந்தாலும் பாதிப் பயன்தான்.

அந்தத் தொட்டி சுமார் 1,200 லிட்டர் கொள்ளும். ஆயிரம் லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 1.16 யூனிட் வேண்டும். 15 டிகிரியில் வரும் தண்ணீரை 38க்குக் கொண்டுபோக 32 யூனிட், 3 கிலோவாட் ஹீட்டருக்குப் பதினோரு மணி நேர வேலை. ஆனால் இந்தச் செலவு தண்ணீர் மாற்றும்போது மட்டும்தான். பில்லை ஏற்றுவது ஒவ்வொரு இரவும் வெளியேறும் சூடு. அதில் பெரும்பங்கு ஆவியாகத்தான் போகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவான சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். குளிர்ந்த இரவில் தொட்டிக்கு மேல் அழகாகப் புகை எழும்புவதைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். அந்தப் புகை உங்கள் பில்தான்.

புது மூடி வந்து, ஓரத்தில் இடைவெளி இல்லாமல் பெல்ட் போட்டு இழுத்துக் கட்டிய பிறகு மறுபடி அளந்தேன். அதே ஒன்பது மணி நேரத்தில் ஹீட்டர் விட்டுவிட்டு ஓடியது, எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரத்துக்குள்தான். மோட்டாரை நான் தொடவே இல்லை.

இந்த வகைத் தொட்டியின் கதை மோட்டாரில் தொடங்கியது என்பதும் உண்மைதான். பலரும் இதை ஜக்கூஸி என்பார்கள். அது கலிபோர்னியாவில் பம்பு செய்து விற்ற ஓர் இத்தாலியக் குடும்பத்தின் பெயர். முடக்குவாதத்தில் தவித்த மகனுக்காகக் காண்டிடோ ஜக்கூஸி செய்த, குளியல் தொட்டிக்குள் வைக்கும் பம்புதான் 1950களில் விற்பனைக்கு வந்தது. பம்பிலும் மிச்சம் பிடிக்கலாம். வடிகட்டுவதற்கு, தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும் ஜெட்டுக்கான வேகம் தேவையில்லை. இரண்டு வேகம் உள்ள பம்பு என்றால் ஃபில்டர் நேரத்தைக் குறைந்த வேகத்தில் வையுங்கள். வேகம் பாதியானால் பம்புக்குத் தேவையான சக்தி கணக்குப்படி எட்டில் ஒரு பங்காகிவிடும். மோட்டாருக்குள்ளேயே கொஞ்சம் இழப்பு உண்டு என்பதால் அவ்வளவு முழுதாகக் கிடைக்காது, ஆனாலும் மிச்சம் பெரிது. ஜெட்டோடு காற்றைக் கலக்கும் வால்வை ஆள் இல்லாதபோது மூடிவிடுங்கள். ஊட்டிக் குளிர்காற்றைக் குமிழியாக உள்ளே விட்டால் தண்ணீர் சீக்கிரம் ஆறிவிடும்.

“எப்பவும் சூடா வெச்சிருந்தா செலவு கம்மி” என்று ஒரு பேச்சு உண்டு. அது தப்பு. தண்ணீர் ஆற ஆற அது இழக்கும் சூடும் குறைகிறது. அடுத்த விருந்தினர் நான்கு நாள் கழித்துத்தான் என்றால் சூட்டை இறக்கி வையுங்கள், முந்தின நாளே ஏற்றத் தொடங்குங்கள். நாளைக்கே ஆள் வருகிறது என்றால் மூடியைப் போட்டு அப்படியே விடலாம். ஹீட் பம்பு வைத்திருப்பவர்கள் அதை மதியம் ஓட்டுங்கள். அது காற்றிலிருந்து சூட்டை எடுக்கும் இயந்திரம். உறைபனி இரவில் அதன் திறன் விழுந்துவிடும்.

இனிச் சொல்லப்போவது பில்லைப் பற்றியது இல்லை, உயிரைப் பற்றியது. அதே மலையில் இன்னொரு தொட்டி. ஃபில்டரில் அழுக்கு அடைத்து, தண்ணீர் ஓட்டம் குறைந்து, ஹீட்டர் அடிக்கடி நின்றிருக்கிறது. ஃபில்டரைக் கழுவாமல், ஓட்டம் குறைந்தால் ஹீட்டரை நிறுத்தும் ஃப்ளோ சுவிட்சையே யாரோ வயர் போட்டு நேராக இணைத்துவிட்டார்கள். அதன் பிறகு தண்ணீர் ஓடாமலே ஹீட்டர் காயில் காய்ந்து, அதன் மேல் உறை விரிசல் விட்டு, கரண்ட் கசிவு தொடங்கியது. கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி டிரிப் ஆனது. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. அவர்களோ “தொல்லை குடுக்குது” என்று அதையும் கழற்றிவிட்டு அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் மட்டும் அணையும் எம்சிபியோடு ஓட்டியிருக்கிறார்கள். நான் போனபோது தொட்டிக்குள் இரண்டு குழந்தைகள் இருந்தன. மெயினை அணைத்துவிட்டு, அவர்களை வெளியே வரச் சொல்லிவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தேன்.

எம்சிபி வயரைக் காப்பாற்றும். மனிதரைக் காப்பாற்றுவது 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. நனைந்த தோல் கரண்டை அதிகம் தடுக்காது, ஈரமான உடம்பில் சின்னக் கசிவே போதும். உங்கள் தொட்டியில் ஆர்சிசிபி விழுந்தால் மறுபடி மறுபடி தூக்கிவிடாதீர்கள். காயிலையும் எர்த்தையும் ஆள் வைத்துச் சோதியுங்கள். மாதம் ஒரு முறை அதன் டெஸ்ட் பட்டனை அமுக்குங்கள். விழவில்லை என்றால், அது மாற்றப்படும் வரை யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது.