டிஜிட்டல் சான்றிதழை ஒப்படைக்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

வருமானம், சாதி, இருப்பிடம், முதல் பட்டதாரி போன்ற சான்றிதழ்களுக்குத் தமிழ்நாட்டில் இ-சேவை மையத்திலோ இணையத்திலோ விண்ணப்பித்தால், வருவாய்த் துறை அதிகாரியின் டிஜிட்டல் கையொப்பமிட்ட பிடிஎஃப் கோப்பாகவே அவை கிடைக்கின்றன. விதிமுறைப்படி இடப்பட்ட மின்னணுக் கையொப்பத்துக்குக் கைப்பட இட்ட கையெழுத்துக்கு உரிய சட்ட ஏற்பை 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 5, அளிக்கிறது. ஆகவே, இத்தகைய சான்றிதழுக்கு மூலம் என்பது கணினியில் உள்ள கோப்புதான். நாம் எடுக்கும் அச்சுப்படி அதன் நகல். பலரும் அச்சுப்படியைப் பத்திரப்படுத்திவிட்டுக் கோப்பை அழித்துவிடுகிறார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது.

கையொப்பம் இடப்படும்போது, கோப்பின் மொத்த உள்ளடக்கத்திலிருந்தும் கணக்கிட்டு எடுத்த ஒரு சுருக்கக் குறியீடு அதிகாரியிடம் மட்டுமே இருக்கும் மறைவிசையால் (ரகசியக் குறியீட்டால்) பூட்டப்பட்டுக் கோப்புக்குள் வைக்கப்படுகிறது. பிறகு ஓர் எழுத்து மாறினாலும் கணக்கு ஒத்துப்போகாது. அதே காரணத்தால், நல்ல நோக்கத்துடன் நாம் செய்யும் சில வேலைகளும் கையொப்பத்தைக் கெடுத்துவிடும். விண்ணப்பத் தளம் குறிப்பிட்ட கேபி அளவுக்குள் கோப்பைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே அளவைக் குறைக்கும் ஏதாவதொரு செயலியில் போட்டு எடுக்கிறோம். பெயர், எண், கியூஆர் குறியீடு எல்லாம் முன்பு போலவே தெரிகின்றன. ஆனால் அது புதிதாக உருவான வேறொரு கோப்பு, அதில் செல்லத்தக்க கையொப்பம் இல்லை. திரைப்பிடிப்பு எடுப்பது, அச்சுப்படியை ஸ்கேன் செய்வது, மீண்டும் பிடிஎஃப்பாக அச்சிட்டுச் சேமிப்பது, பல சான்றிதழ்களை ஒரே கோப்பாக இணைப்பது ஆகியவற்றின் விளைவும் இதுவே. கோப்பின் பெயரை மாற்றுவதால் மட்டும் எந்தக் கெடுதியும் இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்ப வேண்டும்.

கையொப்பத்தைச் சோதிக்க, கணினியில் அடோபி ரீடர் போன்ற மென்பொருளில் கோப்பைத் திறக்க வேண்டும். கைப்பேசியின் சாதாரணப் பார்வைச் செயலிகளும் உலாவிகளும் பெரும்பாலும் கையொப்பத்தின் நிலையைக் காட்டுவதில்லை. திறந்தவுடன் மஞ்சள் நிறக் கேள்விக்குறி தெரிந்தால், சான்றிதழ் போலி என்று பதற வேண்டியதில்லை. கையொப்பமிட்டவர் யார் என்பதை உறுதிசெய்யும் மின்னணுச் சான்றை அவருக்கு வழங்கிய நிறுவனத்தை அந்த மென்பொருள் இன்னும் அறியவில்லை என்பதே அதற்குப் பொருள். கையொப்பத்தின் மேல் சொடுக்கி, கையொப்பமிட்டவரின் சான்று விவரத்தைத் திறந்தால், சான்றுகளின் சங்கிலி வரிசையாகத் தெரியும். அதன் உச்சியில் 'சிசிஏ இந்தியா', அதாவது சான்றளிக்கும் நிறுவனங்களின் கட்டுப்பாட்டாளர், இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை உறுதி செய்த பின்னரே நம்பகமான சான்றாகச் சேர்த்து மறுபடி சரிபார்க்கலாம்; அப்போது பச்சைக் குறி வரும். சங்கிலியைப் பாராமல் எதையும் நம்பகமானது என்று சேர்த்துவிட்டால், யாரோ தாமாக உருவாக்கிய கையொப்பத்துக்கும் பச்சைக் குறி கிடைத்துவிடும் என்பதால் இந்த இடத்தில் மட்டும் அவசரம் கூடாது. கையொப்பமிட்ட பிறகு ஆவணம் மாற்றப்பட்டுள்ளது என்று மென்பொருள் சொன்னாலோ, கையொப்பம் என்ற பகுதியே காணப்படாவிட்டாலோ, அந்தக் கோப்பை ஒப்படைக்கக் கூடாது.

கையொப்பம் சரியாக இருந்தாலும் உள்ளடக்கத்தை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். பெயரின் முன்னெழுத்து, தந்தை பெயர், சான்றிதழ் எண், வழங்கிய நாள் ஆகியவை விண்ணப்பத்துடன் ஒத்திருக்க வேண்டும். கடைசிப் பக்கம் வரை கோப்பு திறக்கிறதா என்பதும் முக்கியம். இணைப்பு இடையில் அறுந்து பாதியில் நின்ற பதிவிறக்கங்கள் பெரும்பாலும் திறக்கவே மறுக்கும்.

டிஜிலாக்கரில் இன்னொரு வேறுபாடு உண்டு. 2016ஆம் ஆண்டின் டிஜிட்டல் லாக்கர் விதிகளில் 2017 பிப்ரவரியில் சேர்க்கப்பட்ட விதி 9ஏ, அதன் வழியே வழங்கப்படும் ஆவணங்களை அசல் ஆவணங்களுக்கு நிகராகக் கருத வேண்டும் என்கிறது. துறைகளே நேரடியாக அனுப்பும் 'வழங்கப்பட்ட ஆவணங்கள்' மட்டுமே இதில் அடங்கும். நாமே ஸ்கேன் செய்து பதிவேற்றியவை அதே லாக்கரில் இருந்தாலும் அவற்றுக்கு அந்தத் தகுதி இல்லை. கல்லூரிச் சேர்க்கைக்கோ வேலைக்கோ அனுப்பும்போது எந்தப் பகுதியிலிருந்து எடுக்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மின் ஆதார் கோப்பு கடவுச்சொல்லுடன் வருகிறது: பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததே அந்தச் சொல். முழு ஆதார் எண் தேவைப்படாத இடங்களுக்கு, முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கி அனுப்பினால் போதும்.

கோப்பில் கோளாறு தெரிந்தால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதில்லை. விண்ணப்பித்த அதே கணக்கில் நுழைந்தோ, விண்ணப்ப எண்ணுடன் இ-சேவை மையத்தை அணுகியோ மூலக் கோப்பை மறுபடி பதிவிறக்கிக்கொள்ளலாம். அளவு கூடுதல் என்று தளம் ஏற்க மறுத்தால், சுருக்கிய நகலை அங்கே பதிவேற்றிவிட்டு, சரிபார்ப்பு நாளன்று காட்டுவதற்கு மூலக் கோப்பைத் தனியே வைத்திருக்க வேண்டும்.