ஸ்ப்ளாட்புக்: உடுக்குறியில் பிறந்த சொல்

‘ஸ்ப்ளாட்புக்’ என்ற சொல்லை முதன்முறை கேட்பவர், தடித்த புத்தகம் ஒன்று மேசைமேல் சொத்தென்று விழுவதைத்தான் நினைப்பார். ஆங்கிலத்தில் ‘ஸ்ப்ளாட்’ என்பது ஈரமான ஒன்று விழுந்து நசுங்கும் ஓசை. நம் ‘சொத்’, ‘பொதக்’ ஆகியவற்றின் உறவினர். உண்மையில் ஸ்ப்ளாட்புக் என்பது, பாத்திரமேற்று ஆடும் கதை விளையாட்டில் ஒரு பிரிவினரைப் பற்றி மட்டும் விரித்துப் பேசும் கூடுதல் நூல். அந்தப் புத்தகத்துக்கும் இந்த ஓசைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. இடையில் ஒரு நட்சத்திரக் குறி நிற்கிறது.

நாலைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, ஒருவர் கதையை நடத்த, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டு ஒன்று உண்டு. 1974இல் அமெரிக்காவில் வெளியான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இதன் தாய். இதற்குப் பலகையோ காய்களோ கட்டாயம் இல்லை, விதிநூல்தான் உயிர். அதனால் இந்த விளையாட்டைப் பதிப்பிப்பவர்கள் உண்மையில் புத்தகப் பதிப்பாளர்கள். அடிப்படை விதிநூலை ஒருமுறை விற்றால் போதாது. அதைச் சார்ந்து மேலும் மேலும் நூல்கள் வந்தால்தான் கடை ஓடும்.

1991இல் ஒயிட் வுல்ஃப் நிறுவனம் ‘வேம்பயர்: த மாஸ்கரேட்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. விளையாடுபவர் இரத்தக் காட்டேரியாக வேண்டும். அந்தக் காட்டேரிகளுக்குள் முதல் விதிநூலில் ஏழு குலங்கள். குலத்துக்கு ஒரு நூலாக ‘கிளான்புக்’ வரிசை வரத் தொடங்கியது. பின்னாலேயே ஓநாய் மனிதர்கள் விளையாட்டு வந்தது; அவர்களுக்கு இனக்குழுக்கள், ஆகவே ‘ட்ரைப்புக்’. மந்திரவாதிகளுக்கு மரபுகள், ஆகவே ‘ட்ரெடிஷன் புக்’. ஆவிகளுக்கு ‘கில்ட்புக்’, தேவதைகளுக்கு ‘கித்புக்’. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. முன்சொல் மட்டும் மாறும்.

இத்தனையையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய தேவை வந்தபோது ரசிகர்கள் கணினிக்காரர்களின் வழக்கத்தைக் கையாண்டார்கள். கணினியில் கோப்பு தேடும்போது, ‘இந்த இடத்தில் எது வந்தாலும் சரி’ என்பதற்கு * என்ற குறியை இடுவோம். அப்படியே ‘*புக்’ என்று தட்டினார்கள். எழுதினால் சரி, வாயால் எப்படிச் சொல்வது? பழைய கணினிக்காரர்களின் பேச்சுவழக்கில் அந்தக் குறிக்கே ‘ஸ்ப்ளாட்’ என்று ஒரு பெயர் இருந்தது. அந்தக் கால அச்சுப்பொறிகள் பல, அழகான நட்சத்திரத்தை அச்சிடாமல் நசுங்கிய பூச்சி போன்ற ஒன்றைத்தான் தாளில் பதித்தன, அதனால் வந்த பெயராக இருக்கலாம் என்பார்கள். பூச்சி நசுங்கும் ஓசை குறிக்குப் பெயராயிற்று. குறியின் பெயர் நூலுக்குப் பெயராயிற்று. ஆக, ஸ்ப்ளாட்புக் என்பதன் சொற்பொருள் ‘ஏதோ ஒன்றின் நூல்’ என்பது மட்டுமே. வெற்றிடத்தை முன்னொட்டாகக் கொண்ட சொல்!

பண்டம் பெயருக்கு மூத்தது என்பதையும் குறித்துக்கொள்ளலாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இரண்டாம் பதிப்பில் 1989இலேயே போர்வீரனுக்கு ஒரு கையேடு, திருடனுக்கு ஒரு கையேடு என்று வந்துவிட்டன. பிறகு சொல் பரவியதும் அவற்றுக்கும் முன்தேதியிட்டு இதே பெயர் சூட்டப்பட்டது. இன்று எந்த நிறுவனத்தின் விளையாட்டாக இருந்தாலும், ஒரு பிரிவைப் பற்றி மட்டும் விரித்துப் பேசி, அந்தப் பிரிவினருக்குப் புதிய ஆற்றல்களைத் தரும் நூல் ஸ்ப்ளாட்புக்தான். சொல்லில் கொஞ்சம் ஏளனமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: காசு பறிக்க வந்த நூல், முந்தைய நூலில் இருந்தவனைவிட இந்த நூலில் இருப்பவனை வலியவனாக்கும் நூல் என்ற முணுமுணுப்பு.

அந்த முணுமுணுப்பில் நியாயம் உண்டு. அதற்குக் காரணம் தொழில் நடக்கும் முறை. இந்நூல்களைப் பெரும்பாலும் நிறுவன ஊழியர்கள் எழுதுவதில்லை. சொல் எண்ணிக்கைக்குக் கூலி பெறும் வெளி எழுத்தாளர்கள் எழுதுகிறார்கள். ஒரு நூலையே நாலைந்து பேர் அத்தியாயம் அத்தியாயமாகப் பங்கிட்டுக்கொள்வதும் உண்டு. வரைவு வந்ததும் தொகுப்பாளர் சிவப்புத் திருத்தங்களோடு திருப்பி அனுப்புவார். ஒருவர் கை தாராளம், இன்னொருவர் கை இறுக்கம். குலத்துக்குக் குலம் வலிமை ஏறி இறங்குவதில் வியப்பென்ன? இந்த எழுத்தாளர்களில் பலர் நேற்றுவரை ரசிகர்களாக இருந்தவர்கள். அதனால்தான் நூல் வருவதற்கு முன்பே இரு தரப்பும் ஒரே மொழியில் பேசுகின்றன. ‘எங்கள் குலத்து ஸ்ப்ளாட்புக் எப்போது?’ என்று ரசிகர் கேட்பார். எழுதி முடித்துக் கொடுத்தவரோ, ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர், ‘பொறுத்திருங்கள்’ என்பதைத் தாண்டி ஒன்றும் சொல்ல மாட்டார்.

இந்த வெளி எழுத்தாளரைக் குறிக்கும் ‘ஃப்ரீலான்ஸ்’ என்ற சொல்லே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வால்டர் ஸ்காட்டின் நாவலால் பரவியது. எந்தப் பிரபுவுக்கும் கட்டுப்படாத கூலி ஈட்டிவீரன் என்று பொருள். கூலி வீரர்களாக வேடமிட்டு விளையாடுவோருக்குக் கூலி ஈட்டிகளே நூல் எழுதுவது பொருத்தம்தான். இலங்கையில் வழங்கும் ‘சுயாதீன எழுத்தாளர்’ இதற்கு நல்ல சொல்.

மூலச் சொல்லுக்குத் திரும்புவோம். வெற்றிடமாக இருந்த ஸ்ப்ளாட், நாளடைவில் தானே பொருளாகிவிட்டது. ‘உன் ஸ்ப்ளாட் எது?’ என்றால் ‘நீ எந்தக் குலம்?’ என்று அர்த்தம். 2004இல் ‘வேம்பயர்: த ரெக்வியம்’ வந்தபோது அதில் பிறவியால் (காட்டேரிப் பிறவிதான்!) அமையும் குலங்கள் ஐந்து, விரும்பிச் சேரும் அமைப்புகள் ஐந்து. ரசிகர்கள் முன்னதை எக்ஸ்-ஸ்ப்ளாட் என்றும் பின்னதை ஒய்-ஸ்ப்ளாட் என்றும் வரைபட அச்சுகளைப்போலப் பிரித்துக்கொண்டார்கள்.

தமிழில் என்ன சொல்வது? ‘நசுங்கல் நூல்’ என்று பெயர்த்தால் அச்சகத்தில் பழுதான நூல் என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நட்சத்திரக் குறிக்கு உடுக்குறி என்ற பெயர் இருப்பதால் ‘உடுநூல்’ எனலாம். பிறப்பைக் காட்டும் அழகான சொல். ஆனால் வானியல் நூல் என்று மயங்க இடமுண்டு. ‘துணைநூல்’ பொருந்தும்போல் தோன்றினாலும், பள்ளிக்கூடத் துணைப்பாட நினைவு வரும். தவிர, எல்லாக் கூடுதல் நூல்களையும் அது குறித்துவிடும்.

என் கை நன்னூலை நோக்கி நீள்கிறது. பவணந்தியார் நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாக வகுக்கிறார். முன்னோர் நூலின் முடிபோடு ஒத்து, பின்னவன் விரும்பும் மாற்றங்களைச் சேர்ப்பது வழிநூல். இது விளையாட்டின் புதிய பதிப்பு அல்லாமல் வேறென்ன? மூன்றாவதான சார்பு நூலுக்கு அவர் தரும் இலக்கணத்தில் ‘ஒருசிறை தொடங்கி’ என்கிறார். மற்ற நூல்களின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, வேறுபாடும் உடையதாக வருவது. அதற்கு அவர் இடும் பெயர் ‘புடைநூல்’. புடை என்றால் பக்கம். அடிப்படை விதிநூலிலிருந்து ஒரே ஒரு குலத்தை எடுத்து, புதியன சேர்த்து விரிக்கும் நூலுக்கு இதைவிட நெருக்கமான சொல்லை நான் காணவில்லை. புடைத்தல் என்பதற்கு அடித்தல் என்ற பொருளும் இருப்பதால், நசுங்கிய பூச்சியும் ஓரமாக எட்டிப் பார்க்கிறது. இது தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

தனித்து நிற்கும் ‘ஸ்ப்ளாட்’டுக்குக் ‘குலம்’ என்று நிலையாக வைத்துவிட முடியாது. மந்திரவாதிக்கு அது மரபு, ஆவிக்கு அது தொழிற்குழு. நட்சத்திரம் இருந்த இடத்தில் அந்தந்த விளையாட்டின் சொல்லையே போட்டுக்கொள்ளலாம்: குலப் புடைநூல், மரபுப் புடைநூல், குழுப் புடைநூல்.