இரண்டு லிட்டர் எண்ணெய் எத்தனை நாள் வருகிறது?

சிங்கப்பூரில் ஒரு பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. கொலஸ்ட்ரால் கூடிவிட்டதென்று என்னிடம் வரும் நம்மவர்களில் பலர் உட்கார்ந்ததும் கேட்பது, “ஆலிவ் எண்ணெய்க்கு மாறணுமாம்மா?” என்றுதான்.

துப்புரவு வேலை பார்க்கும் ஓர் அம்மா கேட்காமலே மாறிவிட்டார். சின்ன பாட்டில், சில நாளில் தீர்ந்தது. அடுத்ததற்குக் கையில் காசு இல்லை. பழைய பாம் எண்ணெய்க்கே திரும்பியவர், ஏதோ தப்புச் செய்தவர் போலத் தயங்கித் தயங்கிச் சொன்னார். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

“பழைய எண்ணெய் இரண்டு லிட்டர் எத்தனை நாள் வரும்மா?” என்று கேட்டேன். வீட்டில் நான்கு பேர், இரண்டு வாரம் வருமாம். கணக்குப் போட்டோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 35 மில்லி, அதாவது ஏழு தேக்கரண்டி. ஒரு தேக்கரண்டியில் சுமார் 40 கலோரி. வெளியே சாப்பிடும் பரோட்டாவும் வடையும் இதில் சேரவில்லை. எந்த எண்ணெய் என்பதைவிட எவ்வளவு என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதற்குக் காசு செலவில்லை, மிச்சம்தான். பாட்டிலை அப்படியே சாய்க்காமல் தேக்கரண்டியால் அளந்து ஊற்றச் சொன்னேன். திறந்த தேதியைப் பாட்டிலிலேயே எழுதி வைக்கவும் சொன்னேன்.

அப்புறம் எண்ணெய். பாம் எண்ணெயில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவது அதுதான். சூரியகாந்தியில் அது பத்தில் ஒரு பங்கு அளவே. கனோலாவில் இன்னும் குறைவு. சோயாவிலும் நல்லெண்ணெயிலும் ஆலிவ் எண்ணெயிலும் ஏறத்தாழ 15 விழுக்காடு. ஆலிவ் நல்லதுதான், ஆனால் அது ஒன்றுதான் வழி என்றில்லை. பேரங்காடியில் சலுகை விலைக்கு வரும்போது சோயாவோ கனோலாவோ வாங்குங்கள். தாளிக்கவும் இட்லிப்பொடிக்கும் ஒரு சின்ன நல்லெண்ணெய் பாட்டில் போதும்.

பாட்டிலின் முன்பக்கத்தை நம்பாதீர்கள். கடலைப் படம் போட்டிருக்கும், பின்னால் உட்பொருள் பட்டியலில் முதல் பெயர் பாம் ஓலின், அதாவது பாம் எண்ணெயின் திரவப் பகுதி, என்று இருக்கும். எடை அதிகமுள்ளதுதான் பட்டியலில் முதலில் வரும். ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்ற வரிக்கும் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம், தாவர எண்ணெய் எதிலும் அது இருப்பதில்லை என்றே சொல்லலாம். ‘சாச்சுரேட்டட் ஃபேட்’ (நிறைவுற்ற கொழுப்பு) என்ற வரியில் உள்ள அளவை மட்டும் ஒப்பிடுங்கள். 2027 நடுவிலிருந்து எண்ணெய்க்கும் நியூட்ரி-கிரேட் எழுத்து (A முதல் D வரையான தரக் குறியீடு) வரும் என்று சுகாதார அமைச்சு அறிவித்திருக்கிறது.

மரச்செக்குத் தேங்காய் எண்ணெய் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். எந்தச் செக்கில் ஆட்டினாலும் அதில் 80 விழுக்காட்டுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்புதான். கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் அதற்கு அதிக விலை கொடுப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வனஸ்பதியில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் டிரான்ஸ் கொழுப்பு இருக்குமே என்ற பயமும் இன்னும் இருக்கிறது. அந்தக் கொழுப்பின் முக்கிய மூலமான, பகுதியளவு ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய்க்கு சிங்கப்பூரில் 2021 ஜூனிலேயே தடை வந்துவிட்டது.

அந்த அம்மா மூன்று மாதம் கழித்து வந்தார். கைபேசியில் படம் காட்டினார்: சோயா எண்ணெய் பாட்டில், மேலே மார்க்கரில் இரண்டு தேதிகள். இடையில் 26 நாள்.