ஓசூரில் எட்டு நாள், தருமபுரியில் நாலு நாள்

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பிளஸ் டூ படிக்கும் ஒரு மாணவி எழுதியிருக்கிறார்: "சார், போன வாரம் வீட்டில் எல்லோரும் ஒரு படம் பார்த்தோம். மனைவியைப் பறிகொடுத்த போலீஸ் அதிகாரி ஒருவர், வரிசையாகக் கொலை செய்கிறவனைத் தேடி அலைகிறார். ஒவ்வொரு பிணம் கிடைக்கும்போதும் டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, 'ராத்திரி பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டுக்குள்ள' என்று சொல்லிவிடுகிறார். பார்த்ததுமே அது எப்படி சார் தெரியும்?"

தெரியாது, கண்ணு. பார்த்த மாத்திரத்தில் அரை மணிக் கணக்கில் சொல்ல யாராலும் முடியாது. இறந்து சில மணி நேரத்துக்குள் கிடைத்த உடலுக்கே பல மணி நேர இடைவெளி விட்டுத்தான் சொல்வார்கள். ஆனால் நாலு நாள், எட்டு நாள் கழித்துக் கிடைக்கும் உடலில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் படம் எடுப்பவர்கள் அருவருப்பு என்று தவிர்த்துவிடுகிறார்கள். எனக்கோ உயிரியலில் அதைவிடப் பிடித்த விஷயம் குறைவு.

முதலில் டாக்டர் வழக்கமாகப் பார்க்கும் மூன்றைச் சொல்லிவிடுகிறேன். உடல் ஆறுவது, விறைப்பது, ரத்தம் கீழ்ப்பக்கமாக இறங்கித் தோலில் கருஞ்சிவப்பாகத் தங்குவது. உடல் மணிக்கு முக்கால் டிகிரி, ஒரு டிகிரி வீதம் ஆறும் என்பது குளிர்நாட்டுக் கணக்கு. சித்திரை மாதம் அரூர் பக்கம் நிழலிலேயே 38 டிகிரி அடிக்கிறபோது, 37 டிகிரி உடம்பு எப்படி ஆறும்? விறைப்பு வருவது, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற பொருள் தீர்ந்துபோவதால். தசைநார்கள் ஒன்றையொன்று பிடித்த பிடியை விட ஏடிபி வேண்டும். தயாரிப்பு நின்றதும், பிடித்தது பிடித்தபடி நின்றுவிடும். ஒன்றரை நாள் வாக்கில் தசையே சிதையத் தொடங்கி விறைப்பு விடும், நம் வெயிலில் இன்னும் சீக்கிரமாகவே. அப்புறம்? மூன்றாம் நாளிலிருந்து இந்த மூன்றும் கைவிட்டுவிடும்.

கைவிடாதது ஈ.

வீட்டில் சாப்பாட்டு மேல் உட்காருகிற ஈ அல்ல. மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி மண்டிகளின் பின்னால், அழுகிய பழத்தைக் கொட்டி வைத்திருக்கும் இடத்தில் பச்சையும் நீலமுமாக மின்னிக்கொண்டு, பெரிய செங்கண்ணோடு ரீங்காரமிடுமே, அது. கிரைசோமியா மெகாசெஃபாலா என்பது அதன் அறிவியல் பெயர். திறந்த வெளியில் உயிர் போன உடலை இது பகலில் பல சமயம் சில நிமிடங்களிலேயே கண்டுபிடித்துவிடும். கண், மூக்கு, வாய், காயம் என்று ஈரமான இடமாகப் பார்த்து, நொய்யைக் கொட்டியது போல இருநூறு முந்நூறு முட்டை இடும். இரவில் பொதுவாக முட்டை இடாது. ஆகவே படத்தில் வருவது போல நள்ளிரவுக் கொலை என்றால், கடிகாரம் மறுநாள் விடிந்த பிறகுதான் ஓடத் தொடங்கும்.

முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். வெளியே வருவது காலில்லாத, கண்ணில்லாத, தனியாகத் தலை என்று ஒன்று தெரியாத புழு. கூர்மையான முனையில் இரண்டு கருங்கொக்கிகள் மட்டும். பல் இல்லை. அது என்ன செய்கிறது என்றால், செரிமான நீரை வெளியே உமிழ்ந்து, இறைச்சியைக் கூழாக்கி, அந்தக் கூழுக்குள் தலையை விட்டுக் குடிக்கிறது. கூழுக்குள் தலை இருந்தால் மூச்சு எப்படி விடுவது?

பின்பக்கமாக. எனக்குச் சொல்லச் சொல்லச் சலிக்காத இடம் இதுதான். புழுவின் மொட்டையான பின்முனையில் இரண்டு வட்டத் தட்டுகள் இருக்கின்றன. அவைதான் மூச்சுத்துளைகள். தலை கீழே, மூச்சு மேலே. நாம் சாப்பிடும்போது மூச்சுக்கு நிறுத்துகிறோம். இது நிறுத்துவதே இல்லை. சில நாட்களுக்குள் தன் எடையைப் பல நூறு மடங்கு பெருக்கிக்கொள்வது இந்த ஏற்பாட்டால்தான். இதில் இன்னொரு அழகு: புழு வளரும்போது இரண்டு முறை தோல் உரிக்கும். முதல் பருவத்தில் ஒவ்வொரு தட்டிலும் ஒரு பிளவு. முதல் தோல் உரித்ததும் இரண்டு பிளவு. இரண்டாவது உரித்ததும் மூன்று. பள்ளிக்கூடத்து நுண்ணோக்கி போதும். புழுவைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று வயதை எழுதி வைத்தது போல நிற்கும்.

மூன்றாம் பருவம் முடிந்து வயிறு நிரம்பியதும் புழு உடலை விட்டு இறங்கி நடையைக் கட்டும். மண்ணுக்குள் புகுந்து, தன் கடைசித் தோலையே கெட்டியாக்கிப் பழுப்பு நிறக் கூடாக மாற்றிக்கொண்டு, அதற்குள் ஈயாக மாறும். உடலை மட்டும் பார்த்துவிட்டுச் சுற்றியுள்ள மண்ணைக் கிளறாதவருக்கு மூத்த புழுக்கள் கிடைக்கவே கிடைக்காது.

சரி, மூன்று பிளவு உள்ள புழு கிடைத்துவிட்டது. அதற்கு எத்தனை நாள் வயது? இங்கேதான் ஊர் வருகிறது.

புழுவுக்கு நம்மைப் போல உடம்புக்குள் அடுப்பு இல்லை. வெளியே எவ்வளவு சூடோ அவ்வளவு வேகத்தில்தான் வளரும். தளிப் பக்கம் ராகி போட்டவர்களைக் கேளுங்கள், குளிர் அதிகமானால் கதிர் முற்ற நாள் எடுக்கும் என்பார்கள். பயிர் நாளை எண்ணுவதில்லை, வாங்கிய வெப்பத்தை எண்ணுகிறது. இதை 1735-ல் கணக்காக எழுதியவர் பிரான்சு நாட்டு விஞ்ஞானி ரியோமர். அதே கணக்குதான் புழுவுக்கும். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். கணக்கு எளிதாக இருக்கட்டும், அதை 10 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேலே இருக்கும் ஒவ்வொரு டிகிரியும், ஒவ்வொரு மணி நேரமும், உண்டியலில் விழும் காசு. ஒரு பருவத்தை எட்ட 2,000 காசு வேண்டும் என்று கொள்வோம்.

மே மாதத் தருமபுரி, சராசரி 30 டிகிரி. பத்தைக் கழித்தால் மணிக்கு 20 காசு. 100 மணி நேரத்தில் உண்டியல் நிரம்பிவிடும், அதாவது நாலு நாளும் கொஞ்சமும். டிசம்பர் மாத ஓசூர், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலே, சராசரி 20 டிகிரி. மணிக்கு 10 காசு. 200 மணி நேரம், எட்டு நாளுக்கும் மேல். அதே ஈ, அதே மூன்று பிளவு, அதே நீளப் புழு. தருமபுரிக் கணக்கை ஓசூருக்குப் போட்டால் கொலை நடந்த நாளில் நாலு நாள் தப்பிவிடும். அந்த நாலு நாளில் ஒருவன் பெங்களூருக்குப் போய் ஓட்டலில் ரூம் போட்டு ரசீது வாங்கி வைத்திருக்கலாம். அல்லது அந்த நாலு நாளில் தற்செயலாக அந்தப் பக்கம் ஆடு மேய்த்தவர் ஜெயிலுக்குப் போயிருக்கலாம்.

சிக்கல்களும் உண்டு. புழுக்கள் ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் மொய்த்தால் அந்தக் கும்பல் தானே சூடாகிவிடும், வெளிக்காற்றைவிடப் பத்து டிகிரிக்கு மேல்கூட. போர்வையில் சுற்றிய உடலுக்கும் பூட்டிய அறைக்கும் ஈ தாமதமாகத்தான் வந்து சேரும். கோகெயின் ஏற்றிய முயலின் உடலில் புழு வேகமாக வளர்வதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். ஆகவே ஈ சொல்வது, "குறைந்தது இத்தனை நாள்" என்ற எல்லையைத்தான். அந்த எல்லையே பல வழக்குகளுக்குப் போதுமானது.

1935-ல் ஸ்காட்லாந்தில் மாஃபட் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஓடைப் பள்ளத்தில் இரண்டு பெண்களின் உடல் துண்டுகள் பொட்டலங்களாகக் கிடைத்தன. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் மியர்ன்ஸ் அதிலிருந்த புழுக்களுக்கு 12 முதல் 14 நாள் வயது என்றார். அது, லங்காஸ்டரில் பக் ரக்ஸ்டன் என்ற டாக்டரின் மனைவியும் வீட்டுப் பணிப்பெண்ணும் காணாமல் போன நாளோடு ஒத்துவந்தது. வேறு பல தடயங்களும் சேர, அடுத்த ஆண்டு ரக்ஸ்டன் தூக்கிலிடப்பட்டார். அவர் பம்பாயில் பிறந்தவர். அந்தப் புழுக்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்னமும் குப்பியில் இருக்கின்றன.

நம்மூர் வயல்காட்டுக்கு நெருக்கமான கதை இன்னும் பழையது. சீன நாட்டு நீதிபதி சோங் சி 1247-ல் எழுதி வைத்தது. ஒருவன் வெட்டுப்பட்டுக் கிடக்கிறான், காயம் கதிர் அரிவாள் காயம். விசாரணை அதிகாரி ஊரில் உள்ள எல்லா அரிவாளையும் கொண்டுவந்து வெயிலில் பரப்பச் சொல்கிறார். கழுவித் துடைத்த ஓர் அரிவாளின் மேல் மட்டும் ஈ மொய்க்கிறது. கண்ணுக்குத் தெரியாத ரத்தம் ஈக்குத் தெரிந்துவிட்டது.

இத்தனை சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒருவர், வேலைக்குப் போனவர், பல நாள் காணவில்லை. பிறகு காட்டு ஓரத்தில் உடலாகக் கிடைத்தார். போஸ்ட்மார்ட்டத்துக்கு முன்னால் உடலைத் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவினார்கள். புழுவெல்லாம் சாக்கடையில் போயிற்று. ஒன்றைக்கூட யாரும் எடுத்து வைக்கவில்லை. இறப்புச் சான்றிதழில் உடல் கிடைத்த தேதிதான் ஏறியது. அவர் மனைவி என்னிடம் கேட்டது இது: "அண்ணா, அவருக்கு நான் எந்தத் திதியில கும்பிடறது?" எனக்குத் திதியில் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது. பதில் சாக்கடையில் போனதை என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. அந்த மாணவி பார்த்த படத்தில் துக்கத்தோடு அலைகிற அதிகாரியைவிட, இந்த அம்மாளின் முகம்தான் எனக்கு நினைவில் நிற்கிறது.

அன்று அதே தெருவில் இன்னொரு பேச்சும் கேட்டேன். "பாவம் பண்ணின உடம்புலதான் புழு வைக்கும்." சண்டையில் "புழுத்துப் போவே" என்று சபிக்கிறோம் அல்லவா, அதன் மிச்சம். இது பொய், கொடூரமான பொய். புழு தானாக உண்டாவதில்லை என்று 1668-லேயே இத்தாலி நாட்டு மருத்துவர் ஃபிரான்செஸ்கோ ரெடி காட்டிவிட்டார். திறந்த ஜாடி இறைச்சியில் புழு வந்தது, மெல்லிய துணி கட்டிய ஜாடியில் வரவில்லை. பாவியா புண்ணியவானா என்று ஈ பார்ப்பதில்லை. பகலா, திறந்த வெளியா என்று மட்டும் பார்க்கிறது. துக்க வீட்டில் யாராவது இப்படிப் பேசினால், தயவுசெய்து அங்கேயே மறுத்துச் சொல்லுங்கள்.

2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் வர வேண்டும் என்கிறது. நல்லது. வருகிறவர் கையில் வெந்நீர், ஆல்கஹால், நாலு குப்பி, ஒரு வெப்பமானி, கொஞ்சம் ஈரல் துண்டு இருக்க வேண்டும் என்பது என் ஆசை. புழுக்களில் பாதியை வெந்நீரில் போட்டு, நீண்ட நிலையில் ஆல்கஹாலில் வைப்பது, நீளம் அளக்க. மீதியை ஈரலில் உயிரோடு வளர்ப்பது, எந்த ஈ என்று உறுதி செய்ய. பெரிய கருவி எதுவும் வேண்டாம். வேண்டியது நம் ஈயை, நம் வெயிலில் வளர்த்து எழுதிய அட்டவணை. அமெரிக்காவின் டென்னசியில் 1981-லிருந்து தானம் தரப்பட்ட உடல்களைத் திறந்த வெளியில் வைத்து இதைப் படிக்கிறார்கள். டென்னசியின் குளிர் டென்னசிக்கு. தொப்பூர் கணவாய்க்கும் தேன்கனிக்கோட்டைக் காட்டுக்கும் தனித்தனி அட்டவணை வேண்டும். ஈ வளர்க்கப் பணமா என்று கோப்பைத் திருப்பி அனுப்புகிறவர்கள், அந்த அம்மாளின் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்.

அட்டவணைக்குக் காத்திருக்காமல் போன டிசம்பரில் நானும் ஓசூரில் இருக்கும் என் தங்கையும் ஒரு சோதனை செய்தோம். ஒரே நாள் காலையில், ஒரே அளவு மீன் தலை, அடியில் மண் போட்ட ஒரே மாதிரி சட்டி. அவள் வீட்டுக் கொல்லையில் ஒன்று, தருமபுரியில் என் வீட்டுக் கொல்லையில் ஒன்று. ஈ வந்து முட்டை இட்டதும் வலைத்துணி கட்டிவிட்டோம். நாற்றத்துக்கு இரண்டு வீட்டிலும் திட்டு வாங்கினோம்.

எனக்குப் பதினான்காம் நாள் காலையில் முதல் கூடு திறந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கூட்டின் முனை மூடி போல நெட்டித் திறக்க, உள்ளே ஈயின் நெற்றியில் வெள்ளையாக ஒரு பை, பலூன் போல உப்பியது. சுருங்கியது. மறுபடி உப்பியது. அந்தப் பையால் முட்டி முட்டித்தான் மூடியையும் மேலே கிடக்கும் மண்ணையும் தள்ளிக்கொண்டு வருகிறது. வெளியே வந்ததும் பை உள்ளே இழுத்துக்கொள்ள, நெற்றியில் ஒரு கோடு மட்டும் மிஞ்சியது. இறக்கை கசங்கிய காகிதமாக இருந்தது. பச்சை இன்னும் ஏறவில்லை, சாம்பல் நிறம்.

தங்கைக்குப் போன் போட்டேன். அவள் சட்டியில் கூடுகள் அசையவில்லை. தினமும் கேட்டேன், தினமும் இல்லை என்றாள். இருபதாம் நாள் மதியம் அவளே கூப்பிட்டாள். "அண்ணா, ரெண்டு வந்திருச்சு. மூணாவது இப்பதான் நெத்திய முட்டிக்கிட்டு இருக்கு."