எட்டு லைட்டும் எரிந்தது, கேபிள் பிழை

நெட்வொர்க் செய்முறை வகுப்பின் முதல் நாள் யாழ்ப்பாணத்தில் நாங்கள் யாரும் கணினியைத் தொடவே இல்லை. ஆளுக்கு இரண்டு மீட்டர் கேபிள், நாலைந்து பிளக், இரண்டு பேருக்கு ஒரு கிரிம்பர் (பிளக்கைக் கேபிளில் அழுத்திப் பூட்டும் குறடு). பொறியியல் கனவோடு வந்தவர்களை மேசையில் இருத்தி வயர் உரிக்க விட்டார்கள்.

உறையை உரித்தால் உள்ளே எட்டு மெல்லிய கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு சோடி. செம்மஞ்சள், பச்சை, நீலம், மண்ணிறம், ஒவ்வொன்றோடும் வெள்ளை கலந்த அதன் துணை. நான் ஒழுங்கான பிள்ளையாகச் சோடி பிரிக்காமல் அந்த வரிசையிலேயே அடுக்கி, இரண்டு முனையிலும் ஒரே மாதிரிப் பிளக் அடித்தேன். டெஸ்டரில் போட்டால் 1 முதல் 8 வரை லைட் அழகாக எரிந்தது.

செய்முறை பார்க்க வந்த அண்ணா பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வெட்டி எறியும்."

"எட்டு லைட்டும் எரியுதே அண்ணா!"

"லைட்டை விடும். மூன்றாவதும் ஆறாவதும் ஒரே சோடியோ, அதைப் பாரும்."

இல்லைத்தான். மூன்றாவதில் வெள்ளைப்பச்சை, ஆறாவதில் நீலம்.

அதனால் என்ன என்று கேட்கத் தோன்றும். வீட்டுக் கிணற்றடியில் மோட்டர் போட்டதும் ரேடியோ கரகரத்ததைக் கேட்டிருப்பீர்கள். அதே இரைச்சல் கேபிளிலும் ஏறும். அதைச் சமாளிக்க ஒரே சமிக்ஞையை இரண்டு கம்பியில், ஒன்றில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் அனுப்புகிறார்கள். மறுமுனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுக்கும். மோட்டரின் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவு ஏறியிருந்தால், கழிக்கும்போது அது காணாமல் போய்விடும். ஒரே அளவு ஏற வேண்டும் என்றால் ஒரு கம்பி எப்போதும் மோட்டருக்குக் கிட்டவும் மற்றது எட்டவும் இருக்கக் கூடாது. அதற்காகத்தான் முறுக்கு.

100 மெகாபிட் இணைப்பில் 1, 2 ஒரு திசைக்கு, 3, 6 மறுதிசைக்கு. என் கேபிளில் 3-க்கும் 6-க்கும் போன கம்பிகள் ஒன்றோடொன்று முறுக்கியவை அல்ல. வேலையில்லாத வேறு இரண்டு கம்பிகளோடு முறுக்கியவை. டெஸ்டருக்கு இதெல்லாம் தெரியாது. இந்த முனையில் விட்ட மின்சாரம் அந்த முனைக்கு வந்ததா என்று மட்டும்தான் அது பார்க்கிறது. இதில் பொல்லாத விஷயம், இரண்டு மீட்டருக்கு என் கேபிள் வேலையும் செய்யும். நீளம் கூடக் கூடத்தான் தரவு சிதையத் தொடங்கும், ஆளும் இன்டர்நெட் கம்பனியைத் திட்டத் தொடங்குவார்.

சரியான வரிசை: வெள்ளைச்செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப்பச்சை, நீலம், வெள்ளைநீலம், பச்சை, வெள்ளைமண்ணிறம், மண்ணிறம். பச்சைச் சோடி நீலத்தைத் தாண்டிக் கால் விரித்து நிற்கிறது. இந்தக் கோணல் தொலைபேசியால் வந்தது. தொலைபேசிப் பிளக்கில் நடு இரண்டு ஊசிதான் லைன். அதோடு ஒத்துப்போகவே 4, 5 நீலச் சோடிக்குப் போனது. இன்னொன்று, பிளக்குக்காக முறுக்கை அவிழ்ப்பதும் 13 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நான் கிட்டத்தட்ட ஒரு விரல் நீளத்துக்கு அவிழ்த்திருந்தேன்.

சரி, இது நல்லதாகத் தெரிந்த பிழை. அடுத்த கிழமை பிழையாகத் தெரிந்த நல்லதைக் கண்டோம்.

சிஸ்கோ கம்பனியின் ரவுட்டரில் (நெட்வொர்க்குகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) இருந்து பக்கத்துக் கணினிக்குப் பிங் அடித்தோம். பிங் என்பது 'இருக்கிறாயா?' என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் சின்னக் கருவி. மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதியது, பெயர் நீர்மூழ்கிகளின் சோனார் ஒலியில் இருந்து வந்தது. ரவுட்டர் ஐந்து முறை கேட்கும். பதில் வந்தால் ஆச்சரியக்குறி, வராவிட்டால் புள்ளி. எங்களுக்கு வந்தது இது:

.!!!!

80 சதவீதம். பாதிப் பேர் கேபிளை ஆட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். திரும்ப அடித்தால் ஐந்தும் ஆச்சரியக்குறி.

ரவுட்டருக்கு எதிராளியின் ஐபி முகவரி தெரியும். ஆனால் ஈதர்நெட்டில், அதாவது இந்தக் கேபிள் வலையில், அனுப்ப அந்தக் கணினியின் நெட்வொர்க் கார்டுக்குரிய மாக் முகவரி வேண்டும். அது தெரியாததால் ரவுட்டர் எல்லோருக்கும் கேட்கும்படி அறிவிக்கிறது: '192.168.1.20 யார்? 192.168.1.1-க்குச் சொல்லவும்.' நல்லூர்த் திருவிழாவில் காணாமல் போன பிள்ளையைப் பற்றி ஒலிபெருக்கியில் சொல்வதைப் போலத்தான். கூட்டம் முழுக்கக் கேட்கும், தகப்பன் மட்டும் ஓடி வருவார். ஏஆர்பி என்ற இந்த ஏற்பாடு 1982-இல் வந்தது. பதில் வரும்வரை முதல் பிங் பொட்டலத்தைப் பிடித்து வைக்காமல் ரவுட்டர் கீழே போட்டுவிடுகிறது. அந்தப் புள்ளி அதுதான். கிடைத்த முகவரியை வழக்கமாக 4 மணித்தியாலம் நினைவில் வைத்திருக்கும் என்பதால், தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து அடித்தாலும் ஐந்தும் சரியாக வந்தது.

ஒலிபெருக்கி என்றதும் மைக்கை அதன் முன்னால் கொண்டுபோனால் வரும் ஊளை நினைவுக்கு வருகிறது. அதையும் செய்து பார்த்தோம். மலிவான சின்னச் சுவிட்ச் ஒன்றை (பல கணினிகளின் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி) எடுத்து, ஒரே கேபிளின் இரண்டு முனையையும் அதிலேயே செருகினோம். சுவிட்ச் அறிவிப்பு ஒன்றை வாங்கினால், வந்த வழி தவிர மற்ற எல்லா வழியிலும் அனுப்பும். அனுப்பியது கேபிள் வழியே திரும்பி வரும், அதையும் அனுப்பும். ஐபி பொட்டலத்துக்கு ஆயுள் எண் உண்டு, ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறைந்து பூச்சியத்தில் செத்துவிடும். கேபிளில் தரவை ஏற்றிப்போகும் ஈதர்நெட் சட்டகத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை, சாகாது. எல்லா லைட்டும் ஒன்றாகத் துடித்தன, அந்த மேசையில் ஒரு பிங்கும் போகவில்லை.

இதற்கு மருந்தை 1985-இல் ராடியா பெர்ல்மன் கண்டுபிடித்தார். சுவிட்ச்கள் தமக்குள் கதைத்து, வளையம் இருந்தால் ஒரு வாயிலைத் தாமே அடைத்துவிடும். பெரிய சுவிட்சில் புதிதாகக் கேபிள் செருகியதும் லைட் செம்மஞ்சளாக நிற்பது அதனால்தான். 15 விநாடி வளையம் உண்டா என்று காது கொடுக்கும், 15 விநாடி யார் எங்கே என்று பழகும், அப்புறம்தான் திறக்கும்.

எனக்கு அது தெரியாது. பச்சை வரவில்லையே என்று இழுத்துச் செருகினேன், 30 விநாடியும் முதலில் இருந்து. திரும்ப இழுத்தேன். மூன்றாம் முறை கை போனதும் அண்ணா, "கையை எடும் தம்பி" என்று சொல்லிக் கேபிளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். கொஞ்ச நேரத்தில் அவருக்குப் பின்னால் பச்சை எரிந்தது.